முனிக்குத் துப்பாக்கி தேடிய தேவராஜ்

என் தம்பி தேவராஜ் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது குறைவு. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே சாப்பிடுவான். நான் திட்டுவேன், அவன் அடுத்த நடையில் எச்சில் தட்டோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பான். பதினாலு வயதில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மீன் கூடை சுமந்தான். பிறகு பஸ் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பேர் கூவுகிற வேலை. பிறகு மாவ்பியில் ஒரு கோழிப் பண்ணை. எதிலும் மூன்று வருஷத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. கடைசியில் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையின் வாசலில் காவல்காரன் ஆனான். கையில் ஒரு தடி, கழுத்தில் ஒரு விசில். கேட்டுக்கு உள்ளே நூறு அடி, வெளியே நூறு அடி என்று நடப்பதற்கே சம்பளம். அந்த வேலையில்தான் நிலைத்தான்.

நான் சொல்ல வந்தது அவன் வேலையைப் பற்றி அல்ல. அவன் துப்பாக்கி வாங்கப் போன கதையை. கேட்டதும் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். துப்பாக்கி அவனுக்கில்லை, சாமிக்கு.

எங்கள் சந்தின் கோடியில் காவல் முனி கோயில் இருக்கிறது. கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஐந்து பேர் நின்றால் ஆறாவது ஆள் மழையில் நிற்க வேண்டும். மற்ற ஊர் முனிகள் கையில் அரிவாள் இருக்கும். எங்கள் முனி சிப்பாய்த் தொப்பி போட்டிருப்பார், காலில் பூட்ஸ், கையில் துப்பாக்கி. எங்கள் தாத்தா துறைமுகக் கிடங்கில் தர்வானாக, வாசல் காவலுக்கு, இருந்தவர். யுத்தத்தில் வெள்ளைக்காரன் பர்மாவை விட்டு ஓடிப்போனபோது துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கக் கிடங்கில் ஆள் இல்லை. அதைக் கொண்டுவந்து முனியின் கையில் நிறுத்திவிட்டார். எழுபது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்றது. குண்டு கிடையாது, சுடுகிற உறுப்பும் எப்போதோ கழன்று போய்விட்டது. ஆயுத பூசைக்கு முதல் நாள் அதற்கு எண்ணெய் போடுவது வீட்டின் மூத்த பெண்ணின் வேலை. ஏழு வயதிலிருந்து நான்தான் போட்டேன்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊர் இப்படி ஆவதற்கு நாலு வருஷம் முன்பு வார்டு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "இதுக்குப் பேப்பர் இருக்கா?" என்று கேட்டார்கள். சாமிக்கு ஏது பேப்பர்? மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். செருப்பை வெளியே விட்டு, முனியைக் கும்பிட்டு, பிறகு துப்பாக்கியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

ஆடி கடைசி வெள்ளி, உச்சி வேளையில், முனி எங்கள் வீட்டு ஆண் மேல் இறங்குவார். தாத்தா மேல் இறங்கினார், அப்பா மேல் இறங்கினார், அப்பாவுக்குப் பின் தேவராஜ் மேல் இருபத்திரண்டு வருஷம் இறங்கினார். பூசாரி தங்கவேலு சிலையின் கையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சாமியாடியின் கையில் கொடுப்பார். கொடுத்த மாத்திரத்தில் அவன் கண் மாறிவிடும். துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படகுத்துறைப் படிவரை மூன்று முறை காவல் நடை போய் வருவான். பிறகுதான் வாக்கு, விபூதி எல்லாம்.

துப்பாக்கி பறிபோன வருஷம் தேக்கில் ஒன்று செதுக்கிக் கறுப்புச் சாயம் பூசிக் கொடுத்தோம். உறுமி அடித்து அடித்து அடித்தவர்கள் கை வீங்கியது. தேவராஜ் மின்சாரக் கம்பம் மாதிரி நின்றான். அடுத்த வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷமும் சாமி இறங்காவிட்டால் அந்த முறை வேறு வீட்டுக்குப் போய்விடும். அது கோயில் கட்டு, மாற்ற முடியாது. டாக்சி ஓட்டுகிற எங்கள் சித்தப்பா மகன் மோகன் அதற்குத் தயாராக இருந்தான்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. உறுமி சத்தம் கேட்டாலே எனக்குக் காலெல்லாம் நடுங்குது" என்றான்.

"அது சர்க்கரை வியாதிடா. போய் ரத்தம் சோதிச்சுப் பாரு" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். தேவராஜ் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வருஷமும் அவன் ஓர் இடத்தில் இருந்தது கிடையாது. வேலை முடிந்து பஸ் ஏறாமல் பாதி வழி நடந்தே வருவான். அவன் பெண்சாதி சாந்தி என்னிடம் வந்து, "அண்ணி, தூக்கத்துலயும் கால ஆட்டுறாரு, பாயே கிழிஞ்சுபோச்சு" என்று அழுதாள். ஒரு நாள் என்னிடம் அவனே கேட்டான்: "அக்கா, முனி என்னைய விட்டுப் போயிட்டாரா? இல்ல, ஆரம்பத்துலேருந்தே நான்தான் சும்மா ஆடினேனா?" வாயை மூடு என்றேன்.

பழைய சுவர்க் கடிகாரம், கிராமபோன் விற்கிற நசீர் பாய்தான் சேதி கொண்டுவந்தார். நகரத்துக்குள் ஒரு மண்டபத்தில் பழம்பொருள் சேர்ப்பவர்கள் மூன்று நாள் கண்காட்சி போடுகிறார்கள், அவருக்கும் ஒரு மேசை இருக்கிறது, யுத்த காலத் துப்பாக்கியும் வருமாம். "குழாய்க்குள்ள ஈயம் காச்சி ஊத்தி அடைச்சிருப்பாங்க. வெடிக்காது. எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கும்" என்றார். ஆடி கடைசி வெள்ளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

தேவராஜ் முனியின் கைப்பிடியிலிருந்து பாதம் வரை கறுப்பு நூலால் அளந்து, மஞ்சள் முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கோயில் உண்டியலையும் சாந்தியின் சங்கிலியையும் சேர்த்துக் கொஞ்சம் பணம் இருந்தது. நானும் கூடப் போனேன். பழைய துப்பாக்கியைக் கையால் அறிந்தவள் நான் ஒருத்திதான். பஸ்ஸில் பத்து இருக்கை காலி. அவன் நின்றுகொண்டே வந்தான்.

மண்டபத்துக்குள் ஏசி குளிர் எலும்பில் ஏறியது. தபால் தலை ஒரு வரிசை, நாணயம் ஒரு வரிசை, வெற்றிலைப் பெட்டி, ஆபீசர் தொப்பி, ஓட்டை விழுந்த இரும்புத் தலைக்கவசம். கடைசி வரிசையில் பச்சைத் துணி விரித்த மேசையில் ஐந்து துப்பாக்கிகள் படுத்திருந்தன. பக்கத்தில் பெயர்ச் சீட்டுகள் இருந்தன. எனக்கு எழுத்துத் தெரியாது. தேவராஜுக்குத் தெரிந்தும் அவன் பார்க்கவில்லை.

மேசைக்குப் பின்னால் ஊ ஆங் டின் என்ற ஓய்வு பெற்ற பல் டாக்டர் இருந்தார். மெலிந்த மனிதர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, நோயாளியின் வாயைத் திறப்பது போல மெதுவாக ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நின்றவர்கள் எந்த வருஷம், எந்த ஆலை என்று பர்மியப் பேச்சில் கேட்டார்கள். எல்லாரும் விலையைப் பாதியாகக் கேட்டுவிட்டு, அவர் முறைத்ததும் சிரித்தார்கள்.

தேவராஜ் மேசையை நாலு முறை சுற்றினான். ஐந்தாவது சுற்றில் பையிலிருந்து நூலை எடுத்து ஒரு துப்பாக்கியின் மேல் நீளவாக்கில் பிடித்தான். மஞ்சள் முடிச்சு நுனியில் சரியாக விழுந்தது.

"சையா, இது என்ன விலை?" என்று பர்மியத்தில், ஐயா போட்டு மரியாதையாகக் கேட்டான்.

டாக்டர் சொன்ன விலை எங்களிடம் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

"சரி" என்றான் தேவராஜ்.

அவன் அப்படித்தான் சொல்ல வேண்டும். சாமிக்கு வாங்கும் பொருளுக்கு நாங்கள் விலை பேச மாட்டோம். கடைக்காரன் சொன்னது சொன்னது. கையில் பணம் இல்லாவிட்டால் புரட்டிக்கொண்டு வருவோமே தவிர, குறைத்துக் கேட்டு வாங்கிய பொருளை முனி தொட மாட்டார். சேவல் வாங்கினாலும் அதுதான், சாராயம் வாங்கினாலும் அதுதான். இது எங்களுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியுமா?

அவர் கையுறைக் கையை மேசையில் ஊன்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒட்ட வெட்டிய தலை, காவல்காரக் காற்சட்டை, ஓரிடத்தில் நிற்காத கால்.

"எந்த வருஷத்துத் துப்பாக்கி என்று நீங்கள் கேட்கவில்லையே?"

"அது வேணாம் சையா. நீளம் சரியா இருக்கு."

"விலையும் பேசவில்லை."

"பேசக் கூடாது சையா."

"எதற்கு வேண்டும்?"

"கையில குடுக்கணும்."

"யார் கையில்?"

"எங்க பெரியவர் கையில. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். அதுக்கப்புறம் கெடைச்சும் பிரயோஜனம் இல்ல."

டாக்டரின் முகம் வெளுத்தது. மேசைக்கு அடியில் ஒரு மணி இருந்திருக்கும் போல. இரண்டு காவலர்கள் வந்து தேவராஜுக்கு இரு பக்கமும் நின்றார்கள். அவனும் காவல்காரன்தானே, அவர்கள் நிற்கிற விதத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கையை இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டான். அந்த நேரத்திலும் கால் மட்டும் ஓயவில்லை.

"அடப் பாவிகளா, அவன் என் தம்பிய்யா! நூலக் கொண்டு யாரைச் சுடப் போறான்?" என்று நான் தமிழில் கத்திய கத்தலில் தபால் தலை வரிசைவரை திரும்பிப் பார்த்தார்கள்.

நசீர் பாய் தம் மேசையை விட்டு ஓடிவந்தார். வந்தவர் நிலைமையைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சையா, இவுங்க சண்டைக்காரங்க இல்ல. இந்தத் துப்பாக்கி ஒரு சிலைக்கு. நீங்க கும்பிடுற நாட் மாதிரி இவுங்களுக்கு ஒரு சாமி" என்று பர்மியத்தில் விளக்கினார். பிறகு தேவராஜ் பக்கம் திரும்பி, "ஏம்பா, ரெண்டு வார்த்த பேரம் பேசியிருந்தா இந்த ரெண்டு பேரும் வந்திருக்க மாட்டாங்கல்ல? உங்க முனியால எனக்கு இன்னிக்கு யாவாரம் போச்சு" என்றார்.

"முனிய ஏசாதீங்க பாய்" என்றான் தேவராஜ், கையை இறக்காமலே.

டாக்டர் பாதிதான் நம்பினார். நான் அந்தத் துப்பாக்கியைத் தொடட்டுமா என்று கேட்டேன். எனக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்தார். அடிக்கட்டையில் பித்தளைப் பூண் போட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவினேன். நடுவில் விரல் நுனி அளவு ஒரு கதவு. நகத்தால் நெம்பினேன், திறந்தது. உள்ளே குழி.

"இதுல எண்ணெ வைக்கிற சின்னக் குப்பி இருக்கும். எங்களுதுல குப்பி தொலைஞ்சுபோச்சு, நான் புளியங்கொட்டை போட்டு வச்சிருந்தேன். எங்கப்பா பார்த்துட்டு, சாமி துப்பாக்கில சோழி வெளையாடுறியான்னு முதுகுல ஒண்ணு வச்சார்" என்றேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். காவலர்களைப் போகச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பித்தளைக் குப்பியை எடுத்து அந்தக் குழிக்குள் விட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. "மூன்று நாளாக ஒருவர்கூட இந்தக் கதவைக் கண்டுபிடிக்கவில்லை" என்றார்.

இரக்கம் வந்தது, ஆனால் வழி வரவில்லை. பேப்பர் அவர் பேரில் இருக்கிறது, வேறு பேருக்கு மாற்ற மாதக்கணக்கில் ஆகும், அதுவும் அனுமதி உள்ள மனிதர் பேருக்குத்தான். "உங்கள் சாமிக்கு அடையாள அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார். கேலிக்கில்லை, நிஜமாகவே கேட்டார்.

தேவராஜ் நூலைச் சுருட்டிப் பையில் போட்டான். "வா அக்கா, போவோம். முறை மோகனுக்குப் போறதுன்னா போகட்டும்."

நான் போகவில்லை. பார்வையாளர் முக்காலி ஒன்று கிடந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன். விற்க முடியாவிட்டால் வேண்டாம், வெள்ளிக்கிழமை உச்சிக்கு அவரே கொண்டு வரட்டும், அவரே திருப்பி எடுத்துப் போகட்டும் என்றேன். முடியாது என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் நானும் விற்பனைக்கோ என்று நினைத்துப் படம் எடுத்தான். டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்தார், நான் இருந்தேன். எனக்கும் ஒரு லபெயே டீ வரவழைத்துக் கொடுத்தார், குடித்துவிட்டு இருந்தேன். தேவராஜ் மண்டபத்தை எத்தனை முறை சுற்றினான் என்று அந்தக் காவலர்களைத்தான் கேட்க வேண்டும்.

விளக்கணைக்கிற நேரத்தில் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அம்மா, நெருப்பு பக்கத்தில் வரக்கூடாது. எண்ணெய், குங்குமம் படக்கூடாது. யார் தொட்டாலும் கையுறையோடு தொட வேண்டும். சம்மதமா?"

"சம்மதம். என் கையால வாங்கி என் கையாலயே திருப்பித் தருவேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மழை விடவில்லை. ஆற்றில் ஏற்றம் வேறு, சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தேவராஜ் விடியலிலிருந்து ஈர வேட்டியோடு கோயிலுக்கும் சந்து முனைக்கும் நடந்துகொண்டிருந்தான். பதினொன்றரைக்கு ஒரு சைக்கா ரிக்ஷாவில் டாக்டரும் நசீர் பாயும் வந்து இறங்கினார்கள். டாக்டர் கம்பளியில் சுற்றிய துப்பாக்கியைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். சட்டைப் பையில் பேப்பர்.

நான் வாங்கிச் சிலையின் கையில் நிறுத்தினேன். சிலையின் பிடிக்கு அது அப்படியே பொருந்தியது. ஜனங்கள் குலவை போட்டார்கள். உறுமி தொடங்கியது. பூசாரி தங்கவேலு கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் கொடுக்க, கையுறை போட்ட கையில் தேவராஜ் வாங்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் முறை உறுமியை வேகமாக அடித்தார்கள். வேப்பிலையை அவன் தலையைச் சுற்றி அடித்தார்கள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். மழைத் தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் முகமெல்லாம் வழிந்தது.

"வெள்ளக் கையுறையோட ஆடுறதுக்கு சாமி என்ன டிராபிக் போலீஸா?" என்றான் பின்னாலிருந்து மோகன். சிலர் சிரித்துவிட்டார்கள்.

சாந்தி என் கையைப் பிடித்தாள். "அண்ணி, அதக் கழட்டச் சொல்லுங்களேன்." எனக்கும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாக்குக் கொடுத்தவள் நான். மூன்றாம் முறையும் உறுமி ஓங்கி அடித்து ஓய்ந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் அடிப்பார்கள், அதிலும் இறங்காவிட்டால் முறை மோகன் வீட்டுக்குப் போய்விடும். என் தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவுக்கு இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம்.

அப்போது டாக்டர் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தேவராஜின் வலக்கையைப் பிடித்து, கையுறையை விரல் விரலாக உருவினார். பிறகு இடக்கை. "என் அம்மா நாட் பூசைக்கு என்னை அழைத்துப் போவாள். மூடின கையில் எவர் வந்து உட்காருவார்?" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு, உறுமிக்காரர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

வெறும் கை மரத்தில் பட்டது, பித்தளையில் பட்டது. தேவராஜின் தோள் முதலில் அசைந்தது. பிறகு கழுத்து. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. இரண்டு வருஷமாக நான் கேட்காத சத்தம். துப்பாக்கி தோளில் ஏறியது. கண் மாறிவிட்டது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு காவல் நடை புறப்பட்டது. சந்து ஜனம் முழுக்கப் பின்னால் ஓடியது. சாமிக்குப் பின்னால் டாக்டர் குடையை விரித்துக்கொண்டு ஓடினார். குடை சாமிக்கில்லை, துப்பாக்கிக்கு. சாமி வேகமாக நடந்தால் அவரும் வேகம், சாமி திரும்பினால் அவரும் திரும்பினார். படகுத்துறைக்கு மூன்று நடை. படகுக்காரர்களெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மோகனும் சேற்றில் முழங்கால் போட்டு விழுந்து கும்பிட்டான், அதையும் சொல்ல வேண்டும்.

வாக்கெல்லாம் முடிந்தது. நான் போய்க் கையை நீட்டினேன்.

சாமி என்னைத் தெரியாதது போலப் பார்த்தது. "யாருடி நீ?"

"உன் துப்பாக்கிக்கு எண்ணெ போட்டவ. குடு."

"இது என்னுது."

"உன்னுது இல்ல. அந்தா நனைஞ்சுபோய் நிக்கிறாரே, அந்தப் பல் டாக்டருது. திருப்பித் தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"தர மாட்டேன்!" துப்பாக்கியின் கட்டை தரையில் மோதியது. டாக்டர் ஐயோ என்றார். கூட்டம் ஓரடி பின்னால் போனது. பூசாரி என் முந்தானையை இழுத்தார்.

"தர வேணாம்" என்றேன். "வச்சுக்கோ. நாளைக்கு வார்டு ஆபீஸ்காரன் வந்து எடுத்துக்கிட்டுப் போவான். அடுத்த ஆடிக்கு மறுபடி தேக்குக் கட்டைதான். இப்பக் குடுத்தா அவரு மறுபடி கொண்டாருவாரு. நீயே யோசி."

சாமி யோசித்தது. மழை பெய்துகொண்டே இருந்தது. பிறகு துப்பாக்கியை என் இரண்டு கையிலும் கிடத்திவிட்டு, என் தம்பி அப்படியே சரிந்து சாந்தியின் மடியில் விழுந்தான்.

நான் அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். மேலெல்லாம் சேறு, வேப்பிலை, வேர்வை. அவர் தம் சட்டை முனையால் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இந்தப் பக்கம் பார்த்துச் சாமி ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்?"

"அடுத்த ஆடிக்கும் உங்கள வரச் சொன்னாரு சையா" என்றேன்.

முனி அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டாக்டர் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து நனையாத ஒரு சின்ன நோட்டை எடுத்து, என்ன தேதி என்று கேட்டார்.